வளவில் விழுந்த ஆச்சி, இரண்டு எக்ஸ்ரே படங்கள்: டிஜிட்டல் எக்ஸ்ரே குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மழை சாரலடித்த ஒரு மாலை. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்து நீர், அதைச் சுற்றிய வளவின் ஓரம்வரை தெறித்து, ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரை எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. விளக்கேற்ற எழுந்த 74 வயது ஆச்சி, வலப்பக்க இடுப்பு அடிபட விழுந்தார். தூணைப் பிடித்துத் தாமே எழுந்தார். நாலெட்டு நடக்கவும் செய்தார். நடந்துவிட்டாரே, எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று வீட்டில் முடிவுகட்டி, தைலம் தடவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரவைக் கழித்தார்கள். விடிந்தபோது தொடையிடுக்கில் வலி கூடியிருந்தது. படுத்தபடி காலைத் தூக்கச் சொன்னால் குதிகால் படுக்கையை விட்டு எழவில்லை. வாடகை வேன் பிடித்துக் காரைக்குடிக்கு அழைத்து வந்தார்கள்.

இந்த ஆச்சி தனியொரு நோயாளி அல்ல. இந்த வயதில், இப்படி விழுந்து, எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல்களைப் பயிற்சிக்காக ஒரே ஆளிடம் கோத்த நிகழ்வு இது. படங்களுக்குக் கொடுத்திருக்கும் எண்கள் இந்த நிகழ்வுக்காகக் கணக்கிட்டவை. கதிரும் கருவியும் நடந்துகொள்ளும் விதம் உள்ளபடியே சொல்லப்பட்டுள்ளது.

முதல் படம் திரையில் நல்ல படமாகவே தெரிந்தது, முறிவு தெரியவில்லை. கால் மணி நேரம் கழித்து அதே மேசையில், அதே இயந்திரத்தில் எடுத்த இரண்டாவது படத்தில் முறிவு தெரிந்தது. நடுவில் மாறியவை இரண்டுதான்: பாதம் திரும்பியிருந்த கோணமும், கொடுக்கும் கதிரின் அளவைக் குறிக்கும் எம்.ஏ.எஸ். எண்ணும். டிஜிட்டல் எக்ஸ்ரேயின் பலம், அது ஏமாற்றும் இடம் இரண்டுமே இந்தக் கால் மணி நேரத்துக்குள் இருக்கின்றன.

முதல் படம்

அறையில் இருந்தது பழைய 300 எம்.ஏ. (மில்லி ஆம்பியர்) இயந்திரம். மேசைக்கு அடியில் கேசட் வைக்கும் தட்டில், ஃபிலிம் கேசட்டுக்குப் பதிலாக, கதிரைப் பதிவு செய்யும் 35 x 43 செ.மீ. வயர்லெஸ் பேனல் (டிடெக்டர்) பொருத்தப்பட்டிருந்தது. சிற்றூர் ஆய்வகங்கள் டிஜிட்டலுக்கு மாறும்போது பெரும்பாலும் இந்த வழியைத்தான் பிடிக்கின்றன. முழு இயந்திரத்தையும் மாற்றுவதைவிடச் செலவு குறைவு என்பதால் இதில் தவறேதும் இல்லை. ஆனால் புதுப் பேனல் வந்ததால் கதிர் பிறக்கும் பழைய ட்யூபும், சிதறும் கதிரைத் தடுக்கும் பழைய கிரிட்டும், பழைய மின்இணைப்பும் புதிதாகிவிடுவதில்லை.

கணினியில் 'இடுப்பு – மெலிந்த உடல்' என்ற முன்னமைவைத் தேர்ந்தெடுத்தார் டெக்னீஷியன். 75 கே.வி. (ட்யூபுக்குக் கொடுக்கும் மின்அழுத்தம், ஆயிரம் வோல்ட் கணக்கில்), 10 எம்.ஏ.எஸ். (மில்லி ஆம்பியரை விநாடியால் பெருக்கியது) என்று வந்தது. ஆச்சியின் முகமும் கையும் ஒட்டியிருந்ததைப் பார்த்து எடுத்த முடிவு. மூத்த பெண்களுக்கு மேலுடல் வற்றியிருந்தாலும் இடுப்புச் சுற்றில் தடிமன் குறையாமல் இருப்பது வழக்கம். முகத்தைப் பார்க்காமல், படுத்த நிலையில் இடுப்பின் தடிமனை அளவுகோலால் அளப்பதே சரி. அரை நிமிட வேலை அது.

ட்யூபுக்கும் பேனலுக்கும் இடையே 100 செ.மீ. இரண்டு பாதங்களும் அவற்றின் இயல்புப்படி வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. வலிக்கும் காலைத் தொட வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை மட்டும் கவனமாக எடுத்திருந்தார்கள். இந்தப் பகுதியில் மூத்த பெண்களுக்கு இடுப்புப் படம் எடுக்கும்போது சாவிக்கொத்து, சுருக்குப்பையில் உள்ள காசு, சேலைக் கொசுவத்தில் குத்திய ஊக்கு ஆகிய மூன்றையும் வாய்விட்டுக் கேட்டே ஆகவேண்டும். பார்த்தால் தெரியாது.

சில விநாடிகளில் படம் வந்தது. எலும்பு வெள்ளையாக, சதை சாம்பலாக, பின்புலம் கறுப்பாக. 8 x 10 அங்குல ஃபிலிமில் அச்சிட்டுப் பணி மருத்துவரிடம் கொடுத்தார்கள். தொடை எலும்பின் உள்வரம்பும் இடுப்பெலும்பு வளையமும் சேர்ந்து போடும் ஷென்டன் வளைவு உடையாமல் இருந்தது. கால் குட்டையாகவும் இல்லை. 'முறிவு இல்லை' என்று எழுதும் கட்டம்.

மருத்துவர் எழுதவில்லை. காலைத் தூக்க முடியவில்லை. குதிகாலைத் தட்டினால் தொடையிடுக்கில் சுரீரென்கிறது. படம் ஒன்று சொல்ல, கால் வேறு சொன்னது. அவர் காலின் பக்கம் நின்றார். அச்சிட்ட ஃபிலிமை ஒதுக்கிவிட்டு, மூலப் படத்தைத் திரையில் திறக்கச் சொன்னார். செய்ததிலேயே சரியான காரியம் அதுதான்.

திரைக்கு வரும்முன் நடப்பது

1895 நவம்பர் 8 அன்று ரோன்ட்கன் கண்டறிந்த கதிர் இன்றும் அதே வழியில்தான் பிறக்கிறது. ட்யூபுக்குள் வெற்றிடம். ஒரு முனையில் சூடான டங்ஸ்டன் இழை எலக்ட்ரான்களை விடுகிறது. பல்லாயிரம் வோல்ட் அவற்றை இழுத்து எதிரே சுழலும் டங்ஸ்டன் தட்டில் மோத வைக்கிறது. மோதும் ஆற்றலில் ஏறத்தாழ 99 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். மிஞ்சிய ஒரு சதவீதம்தான் எக்ஸ்ரே. தட்டு நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் குறையாமல் சுழல்வதும், 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் டங்ஸ்டனைத் தேர்ந்ததும் அந்த வெப்பத்தைத் தாங்குவதற்காகவே. காலையில் முதல் நோயாளிக்கே குளிர்ந்த ட்யூபில் முழு அளவு கொடுத்தால் தட்டில் விரிசல் விழும். குறைந்த அளவில் இரண்டு மூன்று முறை வெறுமனே இயக்கிச் சூடேற்றிக்கொள்வது அதனால்தான்.

75 கே.வி. என்றால் எல்லாக் கதிரும் 75 ஆற்றலில் வரும் என்று பொருளல்ல. உச்சம் 75, சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே நிற்கும். அடிமட்ட ஆற்றல் கொண்ட கதிர்கள் தோலிலேயே அடங்கிப்போகும், படத்துக்கு உதவாது. அவற்றை வடிக்கத்தான் ட்யூபின் வாயில் அலுமினியத் தகடு, 70 கே.வி.க்கு மேல் இயங்கும் இயந்திரத்தில் மொத்த வடிப்பு குறைந்தது 2.5 மி.மீ. அலுமினியத்துக்கு நிகராக இருக்க வேண்டும். பழைய இயந்திரத்தைப் பழுதுபார்த்தவர் அந்தத் தகட்டைத் திரும்பப் போட்டாரா என்று பார்ப்பவர்கள் குறைவு.

உடலுக்குள் நுழைந்த கதிரில் எலும்பு அதிகம் உறிஞ்சுகிறது, சதை குறைவாக உறிஞ்சுகிறது. காரணம் கால்சியம். கதிரை முழுதாக விழுங்கும் வினை, அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். கதிரின் ஆற்றல் கூடினால் அதே மும்மடிப்படி இறங்கும். கே.வி.யை ஏற்ற ஏற்ற எலும்புக்கும் சதைக்கும் உள்ள வேறுபாடு மங்குவது இதனால். இடுப்பு போன்ற தடித்த பகுதியைக் கடந்து மறுபுறம் வருவது நூற்றில் ஓரிரு பங்கே. வந்ததிலும் பாதிக்கு மேல் உடலுக்குள் மோதித் திசைமாறிய சிதறல். அதைத் தடுக்கத்தான் ஈயப் பட்டைகளை நெருக்கமாக அடுக்கிய கிரிட்.

இதுவரை ஃபிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் வேறுபாடே இல்லை. இதற்குப் பிறகுதான் பேனலின் வேலை. பேனலின் மேல்தளத்தில் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு, அரை மி.மீ. அளவு தடிமனில், ஊசி ஊசியாக வளர்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஊசியும் சில மைக்ரான் பருமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. எக்ஸ்ரே துகள் ஒன்று ஊசியில் விழுந்தால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பச்சை ஒளித் துகள்கள் பிறக்கின்றன. அவை பக்கவாட்டில் பரவாமல், வாய்க்காலில் ஓடும் தண்ணீர்போல ஊசிக்குள்ளேயே கீழிறங்குகின்றன. அடியில் சிலிக்கான் ஒளியுணரிகள், ஒளி மின்னூட்டமாகிறது. அதற்கும் அடியில் உள்ள மெல்லிய டிரான்சிஸ்டர்கள் வரிசை வரிசையாகத் திறந்து மின்னூட்டத்தை வெளியே விட, மின்சுற்று அதை எண்ணாக மாற்றுகிறது.

விலை குறைந்த பேனல்களில் ஊசிப் படிகத்துக்குப் பதில் கடோலினியம் ஆக்ஸிசல்ஃபைடு பூச்சு இருக்கும். அதில் ஒளி நாலாபக்கமும் சிதறும். அதே தெளிவு வேண்டுமானால் கூடுதல் கதிர் கொடுக்க வேண்டும். வாங்கும்போது மிச்சமான பணத்துக்குப் பின்னால் ஒவ்வொரு நோயாளியின் உடலும் விலை கொடுக்கிறது. பேனல் வாங்குகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்.

பிக்சல் 140 மைக்ரான் என்றால் 35 செ.மீ.யில் 2,500, 43 செ.மீ.யில் 3,070 பிக்சல்; மொத்தம் சுமார் 77 லட்சம். ஒவ்வொன்றிலும் 14 பிட், அதாவது 16,384 சாம்பல் படிகள். ஒரு படத்தின் கோப்பு ஏறத்தாழ 15 மெகாபைட். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

எண்களாக வந்ததும் கணினி அவற்றை அப்படியே காட்டுவதில்லை. முதலில் கதிரே இல்லாதபோது பேனல் தரும் பொய் எண்ணைக் கழிக்கும். பிறகு இடத்துக்கு இடம் மாறும் உணர்திறனைச் சமன் செய்யும். செத்த பிக்சல்களை அக்கம்பக்கத்து எண்களைக் கொண்டு நிரப்பும். அடுத்து, கதிர் விழுந்த பரப்பின் எல்லையைக் கண்டுபிடித்து, அதற்குள் எந்தச் சாம்பல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, 'இது இடுப்பு' என்று நாம் சொன்ன தகவலை வைத்து, கண்ணுக்கு இதமான வெளிச்சத்துக்குப் படத்தை இழுத்துக்கொண்டு வரும். கடைசியாக விளிம்புகளைக் கூர்மையாக்கும்.

முதல் படம் 'நல்ல படமாக'த் தெரிந்தது இந்தப் படியில்தான்.

திரை சொல்லாததை எண் சொல்லும்

ஃபிலிம் காலத்தில் கதிர் குறைந்தால் படம் வெளுக்கும், கூடினால் கறுக்கும். தவறு கையிலேயே தெரிந்துவிடும். டிஜிட்டலில் இந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. கதிர் பாதியாகக் குறைந்தாலும், மூன்று மடங்கு கூடினாலும் திரையில் வெளிச்சம் ஒன்றேதான். குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும்; கூடினால் படம் இன்னும் தெளிவாக இருக்கும். இரைச்சல் படத்தைப் பார்த்து மருத்துவர் முகம் சுளிப்பார், கூடுதல் கதிர் கொடுத்த படத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதனால் பல இடங்களில் எம்.ஏ.எஸ். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. நோயாளிக்குத் தெரியாமல், செய்கிறவரும் உணராமல் நடக்கும் இந்த ஏற்றம்தான் டிஜிட்டல் எக்ஸ்ரேயின் பெரிய குறை.

இதற்கான காவல், படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் வரும் ஈ.ஐ. என்னும் கதிர்ப்பதிவு எண். 2008இல் வந்த சர்வதேசத் தரம் இதற்கு ஒரே அளவுமுறையைக் கொடுத்தது. டிடெக்டரில் விழுந்த கதிர் இரட்டித்தால் ஈ.ஐ.யும் இரட்டிக்கும். ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் இலக்கு எண் வைத்துக்கொண்டு, எடுத்த படம் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை டி.ஐ. என்ற விலகல் எண்ணால் சொல்வார்கள். பூச்சியம் என்றால் இலக்கில் நிற்கிறது. கூட்டல் 1 என்றால் சுமார் 25 சதவீதம் அதிகம். கழித்தல் 1 என்றால் சுமார் 20 சதவீதம் குறைவு. கூட்டல் 3 இரு மடங்கு, கழித்தல் 3 பாதி.

ஆச்சியின் முதல் படத்தில் இலக்கு 400, வந்தது 160. டி.ஐ. கழித்தல் 4. வேண்டிய கதிரில் ஐந்தில் இரண்டு பங்குதான் வந்திருந்தது. துகள் எண்ணிக்கை குறையும்போது இரைச்சல் அதன் வர்க்கமூலப்படி ஏறும். இங்கே ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இதை மறைத்தவை இரண்டு. மென்பொருள் இரைச்சலை மெழுகிவிட்டு விளிம்பைக் கூர்மையாக்கியிருந்தது. 8 x 10 அங்குல அச்சு படத்தைச் சுருக்கியதால் மிச்சப் புள்ளிகளும் அமுங்கிப்போயின. பெரிய எலும்பின் வரம்பு இவற்றுக்கெல்லாம் தப்பும். தொடை எலும்பின் கழுத்துக்குள் சல்லடை நூல்போல ஓடும் எலும்பிழைகள் தப்பாது. 74 வயதில், எலும்பு அடர்த்தி குறைந்தவருக்கு, அந்த இழைகள் முன்பே மெலிந்திருக்கும். முறிவின் சாட்சி அங்கேதான் இருந்தது.

பாதம்

இனி சொல்வது இயந்திரத்தைப் பற்றியதே அல்ல. எந்த விலை கொடுத்த பேனலாலும் இதைத் திருத்த முடியாது.

தொடை எலும்பின் கழுத்து நேர்ப்பக்கமாக நிற்பதில்லை. ஏறத்தாழ 15 டிகிரி முன்னோக்கித் திரும்பியிருக்கும். மல்லாந்து படுத்தவரின் பாதம் வெளிப்பக்கம் சாயும்போது கழுத்து கதிரின் திசையோடு சேர்ந்துகொண்டு, படத்தில் குறுகிவிடும். நீட்டிய விரலைப் பக்கவாட்டில் பார்ப்பதற்கும் நுனிப்பக்கமிருந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். எலும்பின் வெளிப்புறக் குமிழும் கழுத்தின் மேல் ஏறி மறைத்துக்கொள்ளும். கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று நோக்கும்படி பாதத்தை 15 டிகிரி உள்நோக்கித் திருப்பினால் கழுத்து முழு நீளத்தில் விரியும்.

திருப்பினோமா இல்லையா என்பதைப் படமே காட்டிக்கொடுக்கும். எலும்பின் உட்புறத்தில் உள்ள சிறு குமிழ் முழுதாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் கால் வெளியே சாய்ந்திருந்தது. சிறிதளவே எட்டிப்பார்த்தால் சரியாகத் திரும்பியிருக்கிறது. முதல் படத்தில் வலப்பக்கச் சிறு குமிழ் முழுதாகத் தெரிந்தது.

அடிபட்ட காலைத் திருப்பலாமா என்ற கேள்வி நியாயமானது. கால் குட்டையாகி, வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் தொடவே கூடாது. முறிவு விலகியிருக்கிறது என்று பொருள், அந்தப் படத்துக்குத் திருப்பலும் தேவைப்படாது. குட்டையாகாத காலை, மருத்துவரே முன்னின்று, வலியின் எல்லைக்குள் மட்டும் திருப்பலாம்.

"ஆச்சி, பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பப் போறேன். வலி தாங்கலைன்னா உடனே சொல்லுங்க, விட்டுர்றேன்."

"வலிக்கத்தான் செய்யுது தம்பி. நீங்க செய்யுங்க, ஒரேயடியாத் தெரிஞ்சுபோகட்டும்."

10 டிகிரிவரை வந்தது. அதற்குமேல் போகவில்லை. இருபுறமும் மணல் பைகளை அண்டக் கொடுத்து நிறுத்திவிட்டு எல்லோரும் தடுப்புக்குப் பின்னால் வந்தார்கள். காலைப் பிடித்துக்கொள்ள வீட்டாரை உள்ளே நிறுத்தும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. மணல் பை இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை.

இரண்டாவது படம்

75 கே.வி. மாறவில்லை. எம்.ஏ.எஸ். 10இலிருந்து 25. 300 எம்.ஏ.வில் இது 83 மில்லி விநாடி, வலியில் கால் நடுங்கினாலும் கலங்காத நேரம். ஈ.ஐ. 395, டி.ஐ. கழித்தல் 0.1.

வலது தொடை எலும்பின் தலையும் கழுத்தும் சேருமிடத்தில், வெளிவரம்பில் ஒரு சிறு படி. அங்கிருந்து கழுத்துக்குள் குறுக்கே மங்கலான வெள்ளைப் பட்டை. எலும்பு எலும்புக்குள் செருகி நெருங்கியதால் வந்த அடர்த்தி அது. தலையின் உள்ளே ஏறும் இழைகளின் கோணம் இடப்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. தலை வெளிப்புறம் சற்றுச் சாய்ந்து கழுத்தின் மேல் குத்தி உட்கார்ந்திருந்தது. விலகாத, செருகிய கழுத்து முறிவு. ஆச்சி நாலெட்டு நடந்ததற்குக் காரணம் இந்தச் செருகல்தான்.

பக்கவாட்டுப் படத்தைக் காலை மடக்கி விரித்து எடுக்கவில்லை. முறிவுச் சந்தேகத்தில் அப்படிச் செய்வது, செருகி நிற்கும் எலும்பைக் கையாலேயே பிரித்துவிடுவதற்குச் சமம். நல்ல காலை உயர்த்தி வைத்து, பேனலை வலது இடுப்புக்கு வெளியே செங்குத்தாக நிறுத்தி, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தினார்கள். தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

முதல் படத்தோடு ஆச்சி வீடு திரும்பியிருந்தால், நடக்க நடக்கச் செருகல் கழன்றிருக்கக்கூடும். தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கழுத்தை ஒட்டியே ஏறுகின்றன. எலும்பு விலகினால் அவை கிழிந்து தலை சாகக்கூடும். மூன்று திருகாணிகளில் முடியவேண்டியது, தலையையே எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துவதில் போய் நிற்கும்.

இரண்டாவது படத்திலும் முறிவு தெரியாமல் போயிருக்கலாம். நூறு இடுப்பு முறிவுகளில் சில, எவ்வளவு ஒழுங்காக எடுத்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. அப்போதும் காலைத் தூக்க முடியாத மூத்தவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது, எம்.ஆர்.ஐ., அது விரைவில் கிடைக்காவிட்டால் சி.டி. எடுத்தாக வேண்டும்.

திரும்ப எடுத்ததால் கதிர் கூடிப்போயிற்றே என்று வீட்டார் கேட்டது இயல்பு. இடுப்புப் படம் ஒன்றுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு சுமார் 0.6 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலும் வானிலும் இருந்து உலகச் சராசரியாக மனிதர் ஆண்டுதோறும் பெறுவது 2.4. முதல் படம் இந்த 0.6இல் பாதிக்கும் குறைவு. முறிவைத் தவறவிடுவதோடு ஒப்பிட இது மிகச் சிறியது. ஆனாலும் முதல் படத்தையே ஒழுங்காக எடுத்திருந்தால் அதுவும் வேண்டியிருக்காது.

இதே ஆச்சி டார்க் ரூம் காலத்தில் விழுந்திருந்தால்

கையால் கழுவும் ஃபிலிமுக்கு டெவலப்பர் 20 டிகிரியில் ஐந்து நிமிடம்; ஃபிக்ஸரில் பத்து; ஓடும் தண்ணீரில் இருபதுக்குக் குறையாமல்; பிறகு காயவேண்டும். செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 35ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஃபிலிமின் பூச்சு இளகும், படம் மூட்டம் போடும். ஐஸ் கட்டியைப் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி வேலை பார்க்க வேண்டும். தண்ணீர் தட்டுப்பட்ட கோடையில் கழுவுவதைச் சுருக்கினால், சில வருடத்தில் படம் பழுப்பேறும். இந்த நிலையில், முதல் படம் சரியில்லை என்று தெரிவதற்குள் ஆச்சியை மேசையிலிருந்து இறக்கி, திண்ணையில் உட்கார வைத்திருப்பார்கள். திரும்ப ஏற்றுவதே ஆபத்து.

நடுவில் வந்த சி.ஆர். (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) முறையில் கேசட் இருந்தது, டார்க் ரூம் இல்லை. கேசட்டில் உள்ள பேரியம் கலந்த தகடு கதிரின் ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரீடரில் சிவப்பு லேசர் தடவும்போது நீல ஒளியாக அதைக் கக்கும். படத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். அதற்குரிய தவறுகளும் உண்டு. எடுத்த கேசட்டை மதியச் சாப்பாடு முடித்து வந்து படித்தால் அந்த ஆற்றல் கொஞ்சம் வடிந்திருக்கும். ஒரு நாளுக்குமேல் பயன்படாமல் கிடந்த கேசட், சுற்றுப்புறக் கதிரையே பிடித்துக்கொண்டு படத்தில் மூட்டம் போடும். காலையில் எல்லாக் கேசட்டையும் ஒருமுறை அழித்துவிட்டுத் தொடங்கவேண்டும். இன்றும் சி.ஆர். வைத்திருக்கும் சிறு மருத்துவமனைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒழுங்காகப் பேணிய சி.ஆர்., பேணாத பேனலைவிட மேல்.

பேனலில் கிடைத்த நன்மை நேரம்தான். நோயாளி அசையுமுன், வைத்த நிலை கலையுமுன், தவறு திரையில் தெரிகிறது. ஆனால் தெரிவதைப் பார்க்கிற கண் வேண்டும்.

பழைய இயந்திரம், புதுப் பேனல்: எங்கே இடறும்

பேனலுக்கும் பழைய இயந்திரத்துக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லாதபோது, கதிர் வருவதைப் பேனல் தானே உணர்ந்து பதிவைத் தொடங்கவேண்டும். கை, கால் விரல் போன்ற சின்ன அளவுக் கதிரில் சில சமயம் உணராமல் விட்டுவிடும். கதிர் பட்டிருக்கும், படம் வராது. கதிர்ப் பரப்பைப் பேனலின் உணர்பகுதியில் படாதபடி ஓரத்தில் சுருக்கினாலும் இதே கதி. எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பேனல் குறிப்பிட்ட நேரம்தான் வாய் திறந்து வைத்திருக்கும். 60 எம்.ஏ. கையடக்க இயந்திரத்தில் 25 எம்.ஏ.எஸ். கொடுக்க 400 மில்லி விநாடிக்குமேல் ஆகும். பேனலின் நேரம் அதைவிடக் குறைவாக அமைக்கப்பட்டிருந்தால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் மாறும். ஆட்கள் பேனல் பழுதென்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். பழுது அமைப்பில் இருக்கும்.

கிரிட் இன்னொன்று. ஃபிலிம் காலத்துக் கிரிட்டில் செ.மீ.க்கு 40 கோடு. அசையும் மோட்டார் எப்போதோ நின்றிருக்கும். 140 மைக்ரான் பேனலில் அந்தக் கோடுகள் பிக்சல் வரிசையோடு மோதி, படத்தைச் சுருக்கிப் பார்க்கும்போது பட்டுச் சேலை மடிப்பில் தெரியும் அலைபோல விழும். பேனலுக்குப் பொருந்தும் கிரிட் வாங்கவேண்டும், அல்லது மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும். மென்பொருளால் அழிப்பது கடைசி வழி.

மின்அழுத்தம் இறங்கும் மாலை நேரத்தில் பழைய இயந்திரம் 75 என்று காட்டிக்கொண்டே அதற்குக் குறைவாகத் தரும். கே.வி. 5 சதவீதம் குறைந்தால் டிடெக்டருக்கு வரும் கதிர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். காலையில் சரியாக இருந்த ஈ.ஐ. மாலையில் தொடர்ந்து இறங்கினால் முதலில் மின்இணைப்பைப் பார்க்க வேண்டும்.

வெயிலும் பேனலுக்கு ஆகாது. இரவு ஏ.சி.யை அணைத்து, காலையில் சூடான அறையில் போட்டதும் படம் எடுத்தால், சமன் செய்யும் அளவீடு வேறு வெப்பத்தில் எடுத்தது என்பதால் படம் திட்டுத் திட்டாக வரும். பேனலை இயக்கி அரை மணி நேரமாவது நிலைக்க விட வேண்டும். ரத்தமும் மருந்து நீரும் விளிம்பு வழியாக இறங்காமல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். மூன்று நான்கு கிலோ எடையுள்ள பேனல் ஒருமுறை தரையில் விழுந்தால் அதோடு முடிந்தது. அதுவும் பூக்கல் தரையில்.

பக்கக் குறி பற்றி விட்டுக்கொடுக்கவே கூடாது. ஈயத்தால் ஆன வலது, இடது எழுத்துகளைக் கதிர் விழும் பரப்புக்குள் வைத்தே எடுக்கவேண்டும். மவுஸால் பின்னர் ஒட்டிய எழுத்து, படம் இடம்வலமாகப் புரட்டப்பட்டதா என்று சொல்லாது. இடுப்பு அறுவையில் இந்தப் பிழைக்குத் திருத்தம் கிடையாது.

பழைய வீடுகளைக் கிளினிக்காக மாற்றிய இடங்களில் இன்னொரு கவனம் வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் தடித்த சுண்ணாம்புச் சுவர் கதிரை நன்றாகவே தடுக்கும். தேக்குக் கதவு தடுக்காது, எத்தனை கனமாக இருந்தாலும். ஈயத் தகடு அடிக்காத கதவுக்கு நேரே காத்திருப்போர் பெஞ்சைப் போடுவது பெரிய தவறு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளம் வழியே உரிமம் பெறும்போது அறையின் அமைப்பும் பார்க்கப்படும். பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30, பொதுமக்களுக்கு 1 என்பது எல்லை. பணியாளர் மேல் படும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மேசை டிராயரில் வைத்துவிட்டு வேலை பார்த்தால் அது டிராயரின் கதிரைத்தான் அளக்கும்.

படம் சிங்கப்பூருக்குப் போனபோது

மகன் சிங்கப்பூரில். "ஆத்தாவோட எக்ஸ்ரேயை அனுப்புங்க, இங்க ஒரு டாக்டர்ட்டக் காட்டிக் கேக்கிறேன்" என்றார். இந்த ஊரில் அன்றாடம் நடப்பது. திரையை செல்போனில் படம்பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவர் "ஒன்றும் தெரியவில்லையே" என்றார். தெரியாதுதான். 15 மெகாபைட், 16,384 சாம்பல் படி கொண்ட படம், போன் கேமராவில் 256 படியாகக் குறைந்து, திரையின் அலைக்கோடும் சேர்ந்து, அனுப்பும்போது இன்னொரு முறை நசுங்கிச் சில நூறு கிலோபைட்டாகப் போய்ச் சேர்ந்தது. முதலில் தொலைந்தது, நாம் தேடிய அந்த வெள்ளைப் பட்டை.

மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் கோப்பாக அனுப்பினால் மறுமுனையில் இருப்பவர் வெளிச்சத்தையும் கறுப்பு-வெள்ளை வேறுபாட்டையும் தாமே மாற்றிப் பார்க்கலாம், அளக்கலாம். கோப்புக்குள் கே.வி., எம்.ஏ.எஸ்., ஈ.ஐ. எல்லாம் எழுதியிருக்கும், நோயாளியின் பெயரும் இருக்கும், ஆகவே அனுப்பும் வழி பாதுகாப்பானதாக இருக்கவேண்டும். எந்த ஆய்வகத்திலும் ஃபிலிமோடு சேர்த்து டைகாம் கோப்பையும் கேட்டு வாங்குவது நல்லது. குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கொடுப்பதற்கு ஆய்வகத்துக்கு ஆகும் செலவு ஒரு ஃபிலிமைவிடக் குறைவு.

அறுவைக்கு முன்னும் பின்னும்

திருகாணிதான் திட்டம் என்றாலும், செயற்கைத் தலையின் அளவையும் முன்னரே பார்த்துவைப்பது நல்லது. படத்தில் அளந்ததை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ட்யூபிலிருந்து பேனல் 100 செ.மீ., இடுப்பு மூட்டு பேனலுக்கு மேல் 15 செ.மீ. என்றால் 100ஐ 85ஆல் வகுக்க 1.18 மடங்கு பெருக்கம். உண்மையில் 48 மி.மீ. உள்ள தலை படத்தில் 56க்கு மேல் காட்டும். அதனால் 25 மி.மீ. உலோகக் குண்டு ஒன்றை மூட்டு இருக்கும் உயரத்திலேயே, தொடைக்குப் பக்கத்தில் வைத்து எடுப்பார்கள். குண்டு 29.5 என்று காட்டினால் விகிதம் கைக்கு வந்துவிடும். குண்டை மேசைமேல் வைத்து எடுத்த படம் பயன்படாது. உயரம் மாறினால் பெருக்கமும் மாறும். பெரும்பாலான பிழை இங்கேதான்.

ஆச்சிக்கு மறுநாள் மூன்று திருகாணி போட்டார்கள். தொடர்ந்து வரும் படங்களுக்கு டெக்னீஷியன் ஒரு சீட்டு எழுதிக் கோப்பில் இணைத்தார்: 75 கே.வி., 25 எம்.ஏ.எஸ்., 100 செ.மீ., பாதம் உள்நோக்கி 10 டிகிரி, ஈயக் குறி வலது. ஆறாவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் அதே அளவில், அதே நிலையில் எடுத்தால்தான் திருகாணி பின்வாங்கியதா, கழுத்து குறுகியதா என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்க முடியும். எலும்புத் தலை செத்துப்போவது இரண்டு வருடம் கழித்தும் தெரியவரலாம். அதுவரை அந்தச் சீட்டு கோப்பிலேயே இருக்கவேண்டும்.